அம்மாவின் முட்டியும் ஆளுக்கொரு வைத்தியமும்

அம்மாவுக்கு 69 வயது. முட்டி வலி எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டால், "இவ எஸ்.பி.எம். எழுதுனப்பவே இருந்திச்சு" என்று, நான் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய காலத்தைச் சொல்லி, என்னைக் கைகாட்டுவார். நிபோங் தெபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தை விட்டதும் பாட்டியோடு பால் மரம் வெட்டப் போனவர். கல்யாணத்துக்கு அப்புறம் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நின்றுகொண்டே ஷிஃப்ட் பார்த்தார். குந்திக் குந்தி, மரத்தில் உறைந்த கோட்டுப்பால் உரித்ததும், வாளி சுமந்து மேடு பள்ளம் ஏறியதும், எட்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நின்றதும் எல்லாம் அந்த இரண்டு முட்டிகள்தாம்.

பினாங்கில் முட்டி வலி என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் போதும், வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. கோயில் அன்னதான வரிசையில் பின்னால் நின்ற ஓர் அக்கா ஆயர் ஈத்தாமில் சீன வைத்தியரான ஒரு சின்சேயின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். எதிர்வீட்டு மலாய் அத்தை (மக்சிக்), கடல் அட்டையில் செய்த காமாட் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சின்னம்மா ஜாமு என்கிற மூலிகை மருந்து என்றார். செந்தூலில் இருக்கும் அண்ணன், ரத்தத்தை எடுத்துச் சுழற்றித் திரும்ப முட்டியிலேயே ஏற்றும் பி.ஆர்.பி. ஊசியைப் பற்றி வாட்சாப்பில் வீடியோவாக அனுப்பித் தள்ளினார். போதாததற்கு இந்தோனேசியாவின் மேடானிலிருந்து விமானம் ஏறி வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு போகிற ஊர் இது. தனியார் மருத்துவமனை விளம்பரத்தில் மூட்டு இல்லாத பலகையைப் பார்ப்பதே அரிது.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்ததில் எனக்கு ஓர் எரிச்சல் தங்கிவிட்டது. எந்த வைத்தியத்தை விற்க ஆள் இருக்கிறதோ அதுதான் முதலில் நம் காதுக்கு வருகிறது. விற்பதற்கு ஆளில்லாதது கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை.

முதலில் எக்ஸ்ரே படத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதிகச் சேதம் செய்தது அதுதான். ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் வைத்துப் பார்த்த டாக்டர், அம்மா நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள், "எலும்போட எலும்பு உரசுதும்மா, ரெண்டு காலையும் சேர்த்து ஆப்பரேஷன் செஞ்சிடலாம்" என்று முடித்துவிட்டார். அம்மா நடப்பதை அவர் பார்க்கவில்லை. முட்டியைத் தொட்டுப் பார்த்த மாதிரியும் எனக்கு ஞாபகமில்லை. அன்றிலிருந்து அம்மா பாசாருக்கு (சந்தைக்கு) நடந்து போவதை நிறுத்திவிட்டார். நடந்தால் மிச்சமிருப்பதும் தேய்ந்துவிடும் என்ற பயம். முட்டி நேற்றைக்கு இருந்த அதே முட்டிதான், அந்த ஒரு வாக்கியம் அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டது.

எக்ஸ்ரேயில் தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். அம்மாவுக்கு வலது முட்டி 4, இடது 3. ஆனால் தரமும் வலியும் கைகோத்துக்கொண்டு நடப்பதில்லை. தரம் 3 உள்ள ஒருவர் தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி எடுப்பார். தரம் 2 உள்ள இன்னொருவருக்கு ராத்திரி தூக்கம் இருக்காது.

முதுகில் இந்தக் கூத்து இன்னும் மோசம். அண்ணன் கோலாலம்பூரில் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறார். நாளெல்லாம் நெரிசலில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டு, எம்.ஆர்.ஐ. எடுத்து, "டிஸ்க் பிதுங்கியிருக்கு" என்று ஒரு தாளோடு வந்தார். வலியே இல்லாதவர்களின் முதுகைப் படமெடுத்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. எந்த வலியும் இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு. டிஸ்க் தேய்மானம் என்று பார்த்தால் 20 வயதில் 37 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். தலை நரைப்பதைப் போல முதுகும் உள்ளே நரைக்கிறது. அண்ணன் வாங்கி வந்த தாளில் இருந்ததில் பாதி அவருடைய வயது.

அவர் ஏற்கெனவே ஒரு இடுப்பு பெல்ட் வாங்கியிருந்தார், முதுகை இழுத்துவிடும் டிராக்‌ஷனுக்கும் நாள் குறித்திருந்தார். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் வேண்டாம் என்று சொன்ன பட்டியலில் பெல்ட், டிராக்‌ஷன், ஓபியாய்டு எனும் அபின் வகை வலி மாத்திரைகள் மூன்றுமே இருக்கின்றன. வேண்டும் என்ற பக்கத்தில் உடற்பயிற்சி, விளக்கிச் சொல்வது, மனரீதியான உதவி, சில வகை மசாஜ் எல்லாம் இருக்கின்றன. அண்ணனுக்கு இதை அனுப்பினேன். "காசு போச்சே" என்று ஒரு குரல் செய்தி வந்தது. பெல்ட் இப்போது கார் டிக்கியில் கிடக்கிறது.

காலில் மின்சாரம் பாய்கிற மாதிரி வலி இறங்குகிறவர்களின் கதை கொஞ்சம் வேறு. நெதர்லாந்தில் 2007-இல் வெளிவந்த ஒரு சோதனையில், இப்படிப்பட்ட கடுமையான சியாட்டிகா வலி உள்ளவர்களில் ஒரு சாராருக்குச் சீக்கிரமே அறுவை செய்தார்கள், இன்னொரு சாராரைப் பொறுக்கவைத்தார்கள். அறுவை செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருட முடிவில் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. பொறுத்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் அறுவைக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வலியைப் பொறுக்க முடியுமா, வேலைக்கு எத்தனை நாள் போகாமல் இருக்க முடியும் என்பதை அவரவர்தான் சொல்ல முடியும். ஒன்றில் மட்டும் பொறுக்கவே கூடாது. மலம் சிறுநீர் கட்டுப்பாடு போனால், தொடை இடுக்கில் மரத்துப்போனால், கால் வலுவிழந்து தொங்கினால் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். அண்ணனுக்கு அப்படி எதுவும் இல்லை.

சரி, அம்மாவிடம் வருவோம். மாத்திரை.

இங்கே வலி என்றால் பனடோல்தான் (பாராசிட்டமால்). ஆனால் மூட்டுத் தேய்மானத்துக்கு அது பெரிதாக உதவுவதில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகள் வெளியிடும் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டியில் அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. முட்டிக்கு முதலில் மேலே தடவும் வலி நிவாரண ஜெல், அது போதாவிட்டால்தான் உள்ளுக்கு. உள்ளுக்குச் சாப்பிடும் டைக்ளோஃபெனாக் வகையறா வலி மாத்திரை நன்றாகவே கேட்கும், அதனால்தான் ஆபத்து. வயிற்றுப் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகம். அம்மாவுக்கு இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு. 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. ஃபார்மசியில் "கால் வலி மாத்திரை குடுங்க" என்று வாங்குகிறவர்களில் எத்தனை பேர் இதைச் சொல்லிவிட்டு வாங்குகிறார்கள்?

சின்னம்மாவின் ஜாமுவைத்தான் மறக்க முடியாது. பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் ஒருவர் மைக் வைத்து விற்றது. இரண்டே நாளில் முட்டி வலி பறந்துவிட்டது என்று சின்னம்மா எல்லோரிடமும் சொன்னார். இரண்டே நாளில் பறக்கிற வலியைக் கண்டால் எனக்குப் பயம் வரும். கொஞ்ச மாதத்தில் சின்னம்மாவின் முகம் உப்பி உருண்டையானது, சர்க்கரை ஏறியது, கையில் தொட்டால் நீலம் பாரித்தது. கிளினிக் டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே "என்ன ஜாமு சாப்பிடுறீங்க?" என்றுதான் கேட்டார். இப்படி மூட்டு வலிக்கு விற்கும் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக மலேசியச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்துவருகிறது. பொட்டலத்தில் MAL என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டை அதற்குள் நிறுத்தியிருக்கும். சின்னம்மாவுக்கு டாக்டர் படிப்படியாகத்தான் குறைத்தார்.

எல்லாப் பாரம்பரிய வைத்தியத்தையும் இந்தக் கூடையில் போட எனக்கு மனம் வரவில்லை. மலேசியாவிலேயே முதன்முதலாக ஓர் அரசு மருத்துவமனைக்குள் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கியது நம் பினாங்கு மாநிலத்தில், கெப்பாளா பத்தாஸ் மருத்துவமனையில், 2007-இல். உருட் எனும் மலாய் மசாஜும் குத்தூசியும் (அக்குபங்சர்) அங்கே டாக்டர் பரிந்துரையோடு கிடைக்கின்றன. 2016-இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. அம்மா உருட் செய்துகொண்டார். "ரெண்டு நாளு சொகமா இருந்திச்சு" என்றார். இரண்டு நாள் சுகமும் சுகம்தான், அதைக் கேலி செய்ய நான் யார்? ஆனால் அது முட்டிக்கு என்ன செய்கிறது என்று கேட்டால், தசையை இளக்குகிறது, அம்மாவைத் தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். குத்தூசி பற்றி ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. நைஸ் அமைப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு அது வேண்டாம் என்கிறது. வீங்கிய மூட்டை முறுக்கி "எலும்பைச் சரி பண்றேன்" என்பவர்களிடம் மட்டும் அம்மாவை நான் விடமாட்டேன்.

ஊசிகளில் மூன்று வகை எங்கள் முன்னால் வைக்கப்பட்டன. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். கல்யாணம், பயணம் என்று ஒரு காரியம் இருந்தால் உதவும். நீரிழிவுக்காரர்களுக்குச் சில நாள் சர்க்கரை எகிறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஓர் அமெரிக்கச் சோதனை 2017-இல் வெளிவந்தது. வலியில் வெறும் உப்புநீர் ஊசிக்கும் இதற்கும் வித்தியாசமில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. "ஜெல் ஊசி" என்கிற ஹயலுரானிக் ஊசியை நைஸ் வேண்டாம் என்கிறது. அண்ணனின் பி.ஆர்.பி.யை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புநீரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவில் ஒரு வருடத்துக்குப் பிறகு வலியிலும் வித்தியாசமில்லை, குருத்தெலும்பிலும் வித்தியாசமில்லை. இந்த ஊசிக்கு எங்களிடம் சொன்ன விலையில் அம்மா ஒரு வருடத்துக்கு மீன் வாங்கலாம். முட்டிக்குள் குழாய் விட்டுக் "கழுவி விடுவது" பற்றிச் சொல்லவே வேண்டாம். அமெரிக்காவில் 2002-லேயே சிலருக்கு நிஜமாகவும் சிலருக்குத் தோலை மட்டும் கீறிப் பாசாங்காகவும் செய்து பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று காட்டிவிட்டார்கள்.

அப்புறம் மிச்சமிருந்தது உடற்பயிற்சி. அதை எங்களுக்கு யாரும் விளம்பரப்படுத்தவில்லை. அரசு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பார்க்கிற டாக்டர், ஒரு கடிதம் எழுதி ஜி.எச். எனும் அரசுப் பொது மருத்துவமனையின் பிசியோதெரப்பிப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த இளம்பெண் அம்மாவை முதலில் நடக்கவிட்டுப் பார்த்தார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். அம்மாவால் முடியவில்லை. "முட்டி கெட்டது ஒரு பக்கம், தொடை சதை கரைஞ்சது ஒரு பக்கம். முதல்ல சதையைப் பார்ப்போம்" என்றார், பாதி மலாய், பாதி சைகை. எலும்போடு எலும்பு என்ற பேச்சே எடுக்கவில்லை. அம்மா கேட்டபோது, "நடந்தா தேயாது, நடக்காட்டித்தான் சதை போயிடும்" என்றார்.

பயிற்சிகள் பார்க்க அற்பமாக இருக்கும். முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது. படுத்துக்கொண்டு காலை நீட்டியபடி தூக்குவது. உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கொஞ்ச நாள் கழித்து அதைவிடத் தாழ்ந்த நாற்காலி. ஒரு படி ஏறி இறங்குவது. அம்மாவுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "இதுக்காலா பாலம் தாண்டி வந்தோம்?" என்று திரும்பும் வழியெல்லாம் முணுமுணுத்தார். முதல் வாரம் வலி கூடியது. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வலித்தால் கெடுகிறது என்றுதான் நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பிசியோ பெண் ஓர் அளவு சொல்லியிருந்தார். பத்துக்கு ஐந்து வரை வலிக்கலாம், மறுநாளைக்குள் வழக்கமான நிலைக்குத் திரும்பினால் சரி, திரும்பாவிட்டால் அடுத்த முறை குறைத்துச் செய்யுங்கள். டென்மார்க்கில் 2013-இல் தொடங்கி இப்போது பல நாடுகளுக்குப் போயிருக்கும் ஒரு முட்டிப் பயிற்சித் திட்டத்திலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். அங்கே வாரம் இருமுறை, ஆறு வாரம், கூடவே வகுப்பு.

அம்மாவை வழிக்குக் கொண்டுவந்தது என் உபதேசம் இல்லை, ஆஸ்ட்ரோ டி.வி. நாடகத்துக்கு நடுவே விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து உட்கார்வது என்று அவராகவே வைத்துக்கொண்டார். விளம்பரம் நீளமாகப் போனால் டி.வி.காரனைத் திட்டிக்கொண்டே செய்வார். மாதங்கள் போனதில் கையூன்றாமல் எழ முடிந்தது. பாசாருக்கு மறுபடியும் நடக்கிறார், நடுவில் ஒருமுறை உட்கார்ந்து. வலி போய்விட்டதா? போகவில்லை. பயிற்சியின் பலன் மிதமானதுதான், செய்கிற வரைக்கும்தான் நிற்கும். இதை மறைத்துவிட்டுப் பயிற்சியை அற்புதம் என்று பேசுகிறவர்களும் வியாபாரிகள் மாதிரியே பேசுகிறார்கள்.

எடையும் கொஞ்சம் குறைந்தது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டி தாங்கும் சுமையில் நாலு கிலோ குறைகிறது என்று 2005-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். இந்தக் கணக்கைச் சொன்னதும் அம்மா ராத்திரி மைலோவை விட்டார். ரொட்டி சானாயை விடவில்லை.

இடது முட்டி இதற்கெல்லாம் நன்றாக வழிக்கு வந்தது. வலது வரவில்லை. ராத்திரி புரளும்போது எழுப்புகிறது, படி இறங்கும்போது மடங்குகிறது. இந்த இடத்தில் எனக்கு எதிர்ப்பக்கத்தோடும் சண்டை உண்டு. "ஆப்பரேஷன்லாம் வேணாம்லா, அப்புறம் எழுந்து நடக்கவே முடியாது" என்று கோயிலில் பயமுறுத்துகிறவர்களோடு. டென்மார்க்கில் 100 பேரை வைத்து நடத்திய சோதனை ஒன்று 2015-இல் வந்தது. பாதிப்பேருக்கு முட்டி மாற்று அறுவையும் பயிற்சியும், மீதிப்பேருக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து மட்டும். ஒரு வருடத்தில் அறுவைக்காரர்கள் தெளிவாகவே முந்தியிருந்தார்கள், கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்குத்தான் அதிகம். அறுவை இல்லாத கூட்டமும் தேறியது, அதில் நாலில் மூன்று பேர் அந்த ஒரு வருடம் அறுவைக்குப் போகவில்லை. ஆக, பயிற்சி அறுவையைத் தள்ளிப்போடலாம், வேண்டியிராமலும் செய்யலாம். வேண்டிய முட்டிக்கு அறுவை வேண்டியதுதான். மாற்றிய முட்டிகளில் 100-க்கு 82 அளவுக்கு 25 வருடம் தாங்குகின்றன என்று 2019-இல் கணக்கிட்டார்கள். அம்மாவின் வயதுக்கு அது தாராளம். அறுவை முடிந்து திருப்தியில்லை என்று சொல்கிறவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்கு இருக்கிறார்கள் என்பதையும் அம்மாவிடம் சொன்னேன். அவர் சீட்டாட்டத்தில் கை பார்க்கிற மாதிரி யோசித்தார்.

ஜி.எச். எலும்பு டாக்டர் எடுத்த எடுப்பிலேயே, "அம்மா, உங்களுக்கு என்ன செய்ய முடியணும்?" என்று கேட்டார். தண்ணீர்மலையின் 513 படி ஏறணும் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "அதுக்கெதுக்கு, கீழயே செட்டியார் கோயில் இருக்கு" என்றுவிட்டார் அம்மா. ராத்திரி தூங்கணும், பஸ் ஏறணும், நின்னு சமைக்கணும், தரையில் உட்கார்ந்து பூ கட்டணும். முதல் மூன்றும் நடக்கலாம், நாலாவது கஷ்டம் என்றார் டாக்டர். மாற்றிய முட்டியோடு மண்டி போடுவதும் தரையில் உட்கார்ந்து எழுவதும் பலருக்குச் சரிவருவதில்லை. பூவை மேசையில் வைத்துக் கட்டலாமா என்று அம்மாவே கேட்டார். இரண்டு கால் சேர்த்தா என்று நான் கேட்டதற்கு, வலது மட்டும், அதுவும் மூன்று மாதச் சர்க்கரை அளவு 8-க்குக் கீழே வந்தபிறகு, இல்லையென்றால் கிருமித் தொற்றுக்கு இடம் கொடுத்ததாகிவிடும் என்றார்.

பணத்தையும் பார்க்கத்தான் வேண்டும். தனியாரில் ஒரு காலுக்கே 20,000 வெள்ளிக்கு மேல் சொன்னார்கள். அரசு மருத்துவமனையில் வார்டுக் கட்டணம் சொற்பம், உள்ளே வைக்கும் மூட்டுக்கு மட்டும் நாம் கட்ட வேண்டும், காத்திருப்பும் நீளம். கட்ட முடியாதவர்கள் மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் மனுக் கொடுக்கலாம். இது தெரியாமல் நகையை அடகு வைக்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். காத்திருக்கும் காலம் எங்களுக்கு நஷ்டமில்லை. சர்க்கரையும் இறங்க வேண்டும், தொடையும் இன்னும் பலப்பட வேண்டும்.

பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று அம்மா இப்போதே டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறார், முறுக்கு பிழிய வீட்டில் வேறு ஆள் இல்லையாம். குந்தும் கழிவறையை மாற்றி உட்காருகிற மாதிரி கட்ட அண்ணன் பணம் அனுப்பியிருக்கிறார். கான்ட்ராக்டர்தான் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்துக்கொண்டிருக்கிறார்.